மேலிடத்துக்குப் போன மாப்பிள்ளை

கங்கைக் கரைப் படிக்கட்டில் விடிந்ததும் கூடுகிற அந்தப் படிப்புக் கூட்டத்தில், அவதேஷ் மாதிரி தகுதிக் கணக்குப் போடுகிறவன் ஒருத்தனும் கிடையாது. அவதேஷ் மாதிரி ஒரு மக்கும் கிடையாது என்பது நூதனின் அபிப்பிராயம். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று மூன்று வருஷமாக அவளும் யோசித்துப் பார்க்கிறாள், பிடிபட்டபாடில்லை.

பேங்க் பரீட்சைக்கென்று பாட்னாவுக்குப் பெட்டி தூக்கி வந்தவர்களுக்குத் தகுதிக் கணக்கு என்றால் உயிர். ஏதோ ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது. வயது இவ்வளவு இருக்க வேண்டும், பட்டப் படிப்பில் மார்க் இவ்வளவு, அனுபவம் இவ்வளவு என்று நாலைந்து நிபந்தனைகள். அதோடு விட்டால் பரவாயில்லை. இரண்டாவது நிபந்தனை மட்டும் இடித்தால், ஆனால் ஆளுக்கு இன்ன தகுதி இருந்தால், மேனேஜருக்கு அனுப்பு என்று ஒரு விலக்கு வேறு இருக்கும். பிறகு யாரோ ஒருவரைப் பற்றி ஒரு பத்தி. கடைசியில் எடுக்கலாமா, கூடாதா, மேலிடத்துக்கு அனுப்புவதா, அல்லது தகவல் போதாதா என்று சொல்ல வேண்டும். சாமர்த்தியமெல்லாம் ஒன்றுதான். கேள்வியில் இல்லாததை நம் வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது.

அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். "பட்டப் படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவர்" என்று கேள்வியில் வரும். நிபந்தனையோ அறுபது சதவீதம். தங்கப் பதக்கமே வாங்கியவனுக்கு அறுபது கூடவா வந்திருக்காது என்று மனசு இரக்கப்படும். இரக்கப்பட்டால் மார்க் போச்சு. சதவீதம் சொல்லப்படவில்லை, ஆகவே தகவல் போதாது. அவதேஷ் இரக்கமே படமாட்டான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு நிபந்தனையாகத் தட்டிப் பார்ப்பான். பிறந்த தேதியை வைத்து வயதை அவன் விரல் விட்டு எண்ணாமல் சொல்லும்போது பக்கத்தில் குளித்துக்கொண்டிருக்கிற பண்டாக்கள், அதாவது படித்துறைப் புரோகிதர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் வெளி உலகத்திலும் அவன் அப்படியே நடமாடினான் என்பதுதான் கஷ்டம். ஒரு தடவை நூதன் தும்மிக்கொண்டே வந்தாள். "ஜலதோஷமா?" என்று கேட்க வேண்டியதுதானே மனுஷன்? கேட்கவில்லை. மறுநாள் ஏன் கேட்கவில்லை என்று அவளே கேட்டாள். "தும்மல் மட்டுந்தானே தெரிஞ்சுது. தூசியாவும் இருக்கலாம்" என்றான். என்றாலும் அன்றைக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ மண் குவளையில் அவளுக்காகக் காத்திருந்தது. வாயால் கேட்கமாட்டான், டீ மட்டும் வாங்கி வைப்பான். மூன்று வருஷமாக இந்தப் பாட்டுத்தான்.

தினமும் அவளுக்கு முன்னால் வந்து, நிழல் விழுகிற படியில் தன் துண்டை விரித்து இடம் பிடித்து வைப்பான். கடலைச் சத்துமாவு கரைத்து விற்கிற வண்டிக்காரனிடம், "அவங்களுக்கு வெங்காயம் வேணாம், எலுமிச்சை கூட" என்று சொல்லிவிட்டுத்தான் தன் டம்ளரைக் கையில் வாங்குவான். கூட்டத்தில் இருந்த ஏழு பேரில் ஆறு பேருக்கு இதற்கு அர்த்தம் தெரியும். ஏழாவது ஆள் அவதேஷ்.

நூதனாவது வாயைத் திறந்திருக்கலாம். அவளுக்கும் வீம்பு. ஆரா ஊர்ப் பெண், தானாகப் போய் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாள். பாட்னாவில் சந்திரகலா அத்தை வீட்டில் தங்கிப் படிக்க அப்பா கொடுத்த தவணை முடியப் போகிறது. இந்த முறை அவதேஷும் அவளும் வேறு வேறு பேங்குக்கு எழுதியிருந்தார்கள். அவளுக்கு மெயின்ஸ் என்கிற கடைசிக் கட்டப் பரீட்சை அரை மார்க்கில் கைநழுவிவிட்டது. ரிசல்ட் வந்த வாரமே அப்பா போன் பண்ணி, தானாப்பூரில் நல்ல இடம், பையனுக்கு நீர்ப்பாசனத் துறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்கே வருகிறார்கள் என்றார். பிடித்திருந்தால் அன்றைக்கே பெண்ணின் கையில் பழமும் பணமும் வைத்துவிடுவார்கள். வைத்துவிட்டால் முடிந்தது, அப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

"பிடிச்சிருந்தா"ன்னா யாருக்கு என்று நூதன் கேட்கவில்லை. அவர்களுக்குத்தான் என்று அவளே வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கேள்வி போடுகிற முறை அவளுடையது. படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல் துண்டு விரித்திருந்தது. கையில் காகிதம் எதுவும் இல்லாமலே ஆரம்பித்தாள்.

"ஒரு வீட்டுல மாப்பிள்ளை தேடறாங்க."

"அட, கம்பெனி இல்லியா?" என்றான் லல்லன். கூட்டத்திலேயே வாய்த்துடுக்கு அவனுக்குத்தான்.

"கம்பெனி மாதிரிதான் லல்லன் ஜி, சம்பளம் மட்டும் கிடையாது. கேளுங்க. ஒண்ணு, வரப்போற சட் பண்டிகை அன்னிக்கு வயசு இருபத்தஞ்சுக்குக் குறையக் கூடாது, முப்பதைத் தாண்டக் கூடாது. ரெண்டு, டிகிரியில அம்பத்தஞ்சு சதவீதம். மூணு, அரசாங்க வேலை. நாலு, பையன் தன் வாயாலேயே பொண்ணைக் கேட்டிருக்கணும்."

நாலாவதைச் சொல்லும்போது அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டாள்.

"விலக்கு உண்டா?" என்றான் அவதேஷ், கர்மமே கண்ணாக.

"உண்டு. மூணாவது மட்டும் இல்ல, மத்ததெல்லாம் சரி, ஆனா மெயின்ஸ் எழுதி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கான்னா, பொண்ணோட அப்பாகிட்ட அனுப்பணும்."

"சரி. ஆள்?"

"மோகன்னு ஒருத்தர். அப்பாவுக்கு சமஸ்திப்பூர்ல உரக்கடை. வயசு இருபத்தேழு. டிகிரியில அறுபத்தொண்ணு. வேலை இல்ல. மெயின்ஸ் எழுதியிருக்கார். அந்தப் பொண்ணுக்காக தெனமும் ஒரு படியில துண்டு விரிச்சு இடம் பிடிச்சு வெப்பார்."

லல்லன் வாயைப் பொத்திக்கொண்டான். பின்னால் யாரோ இருமுவது போல் சிரித்தார்கள். இருபத்தேழு வயதில், அறுபத்தொரு சதவீதத்தோடு, சமஸ்திப்பூர் உரக்கடை முதலாளிக்குப் பிள்ளையாகப் பிறந்து, இந்த நிமிஷம் ஒரு விரித்த துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள், கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டான்.

"ஒண்ணு சரி. ரெண்டு சரி. மூணு இல்ல, ஆனா விலக்கு இருக்கு. உரக்கடையும் துண்டும் நம்மளக் குழப்பறதுக்காகப் போட்ட உபரி, அத விட்டுடலாம். நாலு…" கண்ணைத் திறந்தான். முகம் ஜெயித்த முகம். "கேட்டாரா இல்லியான்னு கேள்வியிலயே இல்ல. இடம் பிடிச்சு வெச்சாருங்கறதால கேட்டிருப்பாருன்னு நாமளா வெச்சுக்கக் கூடாது. தகவல் போதாது."

ஆற்றங்கரை அதிர மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நூதன் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன சிரிப்பு? சரியா, தப்பா?" என்றான் அவன் குழம்பிப் போய்.

"சரியான விடைதான் அவதேஷ் ஜி" என்று சொல்லிவிட்டு நூதன் எழுந்து போனாள். விடை சரியாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மறுநாள் அவள் போனபோது படியில் துண்டு இல்லை, அவனும் இல்லை. லல்லன் மட்டும் பல் குச்சியை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நேத்து நீங்க போனதும் நான் போட்டு உடைச்சிட்டேன் நூதன் ஜி. 'அடேய் மக்கு, அந்த மோகன் நீதான்டா'ன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'பேரு வேறயா இருக்கே'ன்னான். வயசு யாருதுடான்னேன். என்னுதுன்னான். மார்க்கு? என்னுது. உரக்கடை? எங்கப்பாவுது. துண்டு? கொஞ்ச நேரம் துண்டையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் ஒண்ணு கேட்டான் பாருங்க, எனக்கு ஆத்துல குதிச்சிடலாமான்னு இருந்துச்சு. 'அப்ப பொண்ணு யாரு?'"

நூதனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"சொன்னேன். மூஞ்சி செவந்து போச்சு. எழுந்து போனவன்தான். இன்னிக்குக் காலையில ரூம்ல பார்த்தா ஆள் இல்ல. ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கிட்டு மொத ரயிலுக்கே கெளம்பிட்டானாம். எங்கன்னு சொல்லல."

எங்கே போயிருப்பான்? சமஸ்திப்பூருக்குத்தான். விஷயம் தெரிந்ததும் உரமூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான் என்று நூதன் முடிவு கட்டினாள். போன் பண்ணிப் பார்த்தாள், எடுக்கவில்லை. சரிதான், இவனுக்காகவா மூன்று வருஷம் வெங்காயம் போடாத சத்துமாவைக் குடித்தோம் என்று அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிட ஆத்திரம் அவள்மேலேயே வந்தது. நாலு வார்த்தை நேராகச் சொல்வதை விட்டுவிட்டுக் கேள்வி போட்டாளாம் கேள்வி!

தானாப்பூர்க்காரன்மேல் ஒரு குறை சொல்லலாமென்றால் அதற்கும் வழியில்லை. வயது சரி, படிப்பு சரி, வேலை சரி. குடி கிடையாது, போட்டோவில் பார்க்க லட்சணமாக வேறு இருந்தான். எந்தக் கணக்கில் போட்டாலும் எடுக்கலாம் என்றுதான் விடை வரும். அத்தை இரண்டு புடவைகளை அவள் தோளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, "மஞ்சளா, ரோஸா?" என்றாள். "எதுவானாலும்" என்றாள் நூதன். அத்தை அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு பூரித்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வர வேண்டிய அப்பா காலையிலேயே வந்து நின்றார். ராம்சிங்காசன் பாபு ஆராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை குமாஸ்தா. பேச்சு கறார். அன்றைக்கு முகமே வேறு மாதிரி இருந்தது, சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தை வைத்த அவலையும் தயிரையும் தள்ளி வைத்துவிட்டு மகளை எதிரே உட்காரச் சொன்னார்.

"நேத்து நம்ம வாசல்ல ஒருத்தன் வந்து நின்னான். உட்காருப்பான்னா உட்கார மாட்டேங்கறான். 'பேரு அவதேஷ் குமார், வயசு இருபத்தேழு, டிகிரியில அறுபத்தொண்ணு, வேலை இல்ல, மெயின்ஸ் எழுதியிருக்கேன்'னு மூச்சு விடாம ஒப்பிக்கறான். ஏதோ ஸ்கூல்ல பியூன் வேலை கேட்டு வந்திருக்கான்னு நெனச்சேன்."

நூதனுக்கு வாயில் ஈ போனாலும் தெரியாது என்கிற நிலை.

"'வேலை ஒண்ணும் காலி இல்லப்பா'ன்னேன். 'வேலைக்கு இல்லீங்க, நிபந்தனை மூணு இடிக்குது, அதனால உங்ககிட்ட அனுப்பியிருக்கு'ங்கறான். யாருடா அனுப்பினதுன்னேன். 'கேள்வி'ன்னான். கேள்விய யாருடா போட்டதுன்னேன். 'உங்க பொண்ணு'ன்னான். அப்ப அவன் நின்னுக்கிட்டேதான் இருந்தான், நான்தான் உட்கார்ந்தேன்."

"ஐயோ, பாபுஜி!"

"இரு. 'நாலாவது நிபந்தனை, வாயால கேக்கணும். யாருகிட்ட கேக்கணும்னு சொல்லல. அதனால உங்ககிட்டயே கேட்டுடறேன்'னு சொல்லி, கையக் கூப்பிக் கேட்டான். ஒரே டிக்கெட்டுல ரெண்டு வேலையையும் முடிச்சுட்டான் பய." சொல்லும்போது அவர் மீசை துடித்தது. கோபம் இல்லை, சிரிப்புத்தான் என்று இப்போது தெரிந்தது.

சாதியும் கேட்டிருக்கிறார். கேட்காமல் இருப்பாரா? அது ஒத்துப் போனதால்தான் கதை இவ்வளவு தூரம் வந்தது. ஒத்துப் போகாமல் இருந்திருந்தால் இது வேறு கதை. அதை இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்ல யாராலும் முடியாது.

"பொண்ணு கேட்டு வர்றவன் எவனாவது 'எனக்கு வேலை இல்ல'ன்னு மொதல்ல சொல்வானாம்மா? இவன் சொன்னான். ரிசல்ட் நல்லா வரும்னு நெனக்கறியாடான்னேன். 'அது எனக்குத் தெரியாதுங்க, தெரியாதத சொல்லக் கூடாது'ன்னான். சரி, கடைசியா ஒண்ணு கேட்டேன். என் பொண்ணுக்கு இதுல இஷ்டமான்னேன்."

"என்ன சொன்னார்?"

"'அது கேள்வியிலயே இல்லீங்க'ன்னான்."

அத்தை சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவன் சொன்னது என்னைத் தூங்க விடலம்மா. தானாப்பூர்க்காரங்ககிட்ட எத்தன கேட்டிருப்பேன்? வயசு, சம்பளம், வீடு, ஆஸ்தி, பையனோட தாய்மாமன் வரைக்கும் விசாரிச்சேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சரி, நான்தான் பழைய ஆளு, எனக்குத் தோணல. நீ இவ்வளவு படிச்ச பொண்ணு, மாப்பிள்ளைக்குன்னு நீயே ஒக்காந்து நிபந்தனை போட்டிருக்க. அதுல நீயும் அத வெக்கலியே?"

நூதன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நாலு நிபந்தனை, ஒரு விலக்கு. பையன் கேட்க வேண்டும் என்று போட்டாள், அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று போட்டாள். பெண்ணுக்குச் சம்மதமா என்று போட அவளுக்குத் தோன்றக்கூட இல்லை. யாரும் அதைக் கேட்கமாட்டார்கள் என்று அவளே முடிவு பண்ணியிருந்தாள். கணக்குகளில் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கவே மூன்று வருஷம் பழகியிருந்த அவளுக்கு, அப்போதுதான் தன்னை நினைத்து முதல் தடவையாக அழுகை வந்தது.

"இப்பக் கேக்கறேன்" என்றார் அப்பா. "தானாப்பூருக்கு போன் பண்ணணும். சீக்கிரம் சொல்லு."

"அது வந்து பாபுஜி, மூணாவது நிபந்தனை பூர்த்தியாகாத பட்சத்துல—"

"ஏய்! அவன் ஒருத்தன் போதும். நீ மனுஷங்க பேசற மாதிரி பேசு."

நூதன் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கு அவதேஷ் ஜிதான் வேணும் பாபுஜி. ரொம்ப நாளா வேணும்."

அப்பா போனை எடுத்தார். உடம்பு சரியில்லை, ஜாதகம் சரியில்லை, வீட்டில் துக்கம் என்று எத்தனையோ சாக்குகள் உலகத்தில் இருக்கின்றன. கறாரான குமாஸ்தா, ஒன்றையும் தேடவில்லை. "மன்னிச்சுக்குங்க. பையன் மேல ஒரு குறையும் இல்ல. பொண்ணுக்கு இஷ்டமில்ல" என்றார். அந்தக் குடும்பத்தில் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது, நின்றும் போயிருக்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தை அத்தை காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குக் கல்யாணம் பேசினப்போ இந்தப் போன் இல்லியே அண்ணா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு மகளைப் பார்த்து, "தெருமுனை டீக்கடையில நிக்கறான், போ. என் கூடவே ரயில்ல வந்தான். வீட்டுக்குள்ள வாடான்னா, தேர்வு நடக்கும்போது ஆள் பக்கத்துல இருக்கக் கூடாதாம். எங்கேர்ந்தும்மா பிடிச்ச இவன?" என்றார்.

நூதன் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினாள். அவதேஷ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் இருந்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"முடிவு தெரிஞ்சுதா?"

"எது தெரியணும்? நீங்கதான் எங்கிட்ட இன்னும் ஒண்ணுமே கேக்கலியே."

"கேட்டேனே. ஆராவுல."

"ஆராவுல எங்கப்பாவைக் கேட்டீங்க. நீங்க கட்டிக்கப் போறது எங்கப்பாவையா?"

டீக்கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். அவதேஷ் டீயைக் கீழே வைத்தான்.

"நூதன் ஜி" என்றான். செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். அது எனக்கே முந்தாநாள்தான் தெரியும். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவன் எழுதிய மெயின்ஸின் ரிசல்ட் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதில் அவன் நம்பர் இருக்குமா, வேலை கிடைக்குமா, உரக்கடைதான் கதியா, இவள் அடுத்த பரீட்சையில் தேறுவாளா, அந்தக் காலை வேளையில் யாருக்கும் தெரியாது. ஒன்றும் தெரியாமலேயே நூதன் "சம்மதம்" என்றாள்.